பழைய மோட்டார் வண்டிகளின் உடலும் சட்டகமும்

மனிதன் ஆக்கிய பொருள்கள் யாவும் காலத்தால் நைந்துபோவன. நைந்த பொருளைப் பொறுத்தமட்டில் மூன்று வழிகள் உள. அதனை எறிந்துவிட்டுப் புதியது கொள்வது ஒன்று. மேற்பூச்சினாற் பழுதை மறைத்து வைப்பது இன்னொன்று. உறுப்புறுப்பாகப் பிரித்து, பழுதின் வேரைக் கண்டு நீக்கி, மீளவும் கூட்டுவது மூன்றாவது. கோயில்களிலே நம் முன்னோர் இம்மூன்றாவது வழியைச் சீர்ணோத்தாரணம் என்னும் பெயரால் முறைப்படுத்தி வைத்தனர். கொழும்புக் கொச்சிக்கடையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பொன்னம்பல முதலியார் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 ஆம் ஆண்டு தொடங்கிக் கருங்கற் றிருப்பணியாக மீளக் கட்டுவித்து 1912 இல் நிறைவேற்றினார். பழையது எவ்வளவு நிற்கவேண்டும், புதியது எவ்வளவு புகலாம் என்னும் வினா இத்தகைய பணிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது.

அவ்வினா இக்காலத்தில் வேறோர் இடத்திலும் எழுகின்றது. வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுக்குத் தெருக்களிலும், கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய முற்றங்களிலும், அரை நூற்றாண்டைக் கடந்த மோட்டார் வண்டிகள் சில இன்னும் காணப்படுகின்றன. அவற்றைப் புதுக்குவோர் செய்யும் வேலைகளுள் மிகக் கடினமானதும் மிகுந்த முன்யோசனை வேண்டுவதும், வண்டியின் உடலை அதன் சட்டகத்தினின்றும் பிரித்துத் தூக்குவதாகும். அவ்வேலையின் காரணமும் முறையும் பயனும் ஈண்டு ஆராயப்படும்.

பழைய வண்டிகள் இலங்கையில் நெடுங்காலம் நிலைத்தமைக்குப் பற்று மாத்திரம் காரணமன்று. 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, உள்ளதைப் பழுதுபார்த்து ஓட்டுவதன்றிப் பலருக்கு வேறு வழியில்லை. அந்நாட்களிலே பஞ்சிகாவத்தைக் கடைகளிற் பழைய உதிரிப்பாகங்களைத் தேடுவதும், கிடையாதனவற்றைக் கடைசற்பட்டறையிற் செய்விப்பதும் வழக்கமாயின. 2020 மார்ச்சு மாதம் மறுபடியும் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேயே தடை நீக்கப்பட்டபோது, பழையதைப் பேணுங் கலையின் அருமையைப் புதிய தலைமுறையும் உணர்ந்தது. இன்னொன்றும் ஈண்டு மறக்கற்பாலதன்று. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளோடும் கடைகளோடும் அவர்தம் வண்டிகளும் எரிந்தன. ஆதலின் அப்பகுதிக் குடும்பங்களில் எஞ்சிய ஒரு பழைய வண்டி, வெறும் ஊர்தியாக அன்றித் தந்தையினதோ பாட்டனாரினதோ நினைவாகவும் போற்றப்படுகின்றது.

இனி, சட்டகம் என்பது யாது, உடல் என்பது யாது என நோக்குவோம். மாட்டுவண்டியை அறிந்தார்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். அச்சையும் சக்கரத்தையும் தாங்கும் மரச்சட்டம் ஒன்று. அதன்மேல் அமையும் கூடாரம் வேறொன்று. கூடாரத்தைக் கழற்றினாலும் வண்டி ஓடும். மோட்டார் வண்டியும் தொடக்கத்தில் இவ்வாறே அமைந்தது. உருக்கினாலான இரு நெடுஞ்சட்டங்களும், அவற்றை இணைக்குங் குறுக்குச்சட்டங்களுஞ் சேர்ந்தது சட்டகம். இயந்திரம், பற்சக்கரப் பெட்டி, அச்சுக்கள், விற்கள், திருப்புஞ் சக்கரத்தின் பொறி ஆகியன அதிற் பூட்டப்பட்டன. ஆசனங்களும் கதவுகளும் கூரையும் உடைய உடல் தனியே செய்யப்பட்டு, இறப்பர் அல்லது தோல் அணைகளின்மேல் மரையாணிகளாற் பொருத்தப்பட்டது. விலையுயர்ந்த வண்டிகளை வாங்கியோர் சட்டகத்தை ஓரிடத்திலும் உடலை வேறொரு வண்டியுடற் பட்டறையிலும் செய்வித்த காலமும் இருந்தது. லொறிகளும் பேருந்துகளும் இன்றும் பெரும்பாலும் அம்முறையினவே. 1958 சனவரி 1 இல் தொடங்கிய இலங்கைப் போக்குவரத்துச் சபையும் பிறநாட்டுச் சட்டகங்களை வருவித்து உள்நாட்டிலேயே அவற்றுக்கு உடல் கட்டியது.

ஆயின் எல்லா வண்டிகளும் இவ்வகையின அல்ல. தகடுகளையே வளைத்தும் மடித்தும் உருக்கியொட்டி, உடலே சட்டகமாகவும் நின்று பாரந்தாங்கும்படி செய்யும் முறை பின்னர்ப் பரவியது. 1922 இல் இத்தாலியில் வெளிவந்த லன்சியா லம்டாவும், 1934 இற் பிரான்சில் வெளிவந்த முன்சக்கர உந்துடைய சித்ரோவனும் இதற்கு முன்னோடிகள். முட்டையோட்டுக்குத் தனி எலும்பு இல்லை. அதன் வடிவமே அதன் வலிமை. இவ்வண்டிகளும் அத்தகையனவே.

கொழும்பில் நன்கறியப்பட்ட வண்டிகளை இவ்விரு வகையுள் அடக்கிப் பார்ப்பது பயன்றரும். 1947 முதல் 1954 வரை வெளிவந்த ஒஸ்ரின் ஏ 40 டெவன், சொமர்செற் என்பனவும், 1953 வரை செய்யப்பட்ட பழைய போட் பிறிபெக்ற்றும், முதலில் வந்த ஸ்ரான்டாட் வன்காட்டும் தனிச் சட்டகம் உடையன. 1954 இல் வந்த ஒஸ்ரின் ஏ 40 கேம்பிறிட்ஜோ தனிச் சட்டகம் அற்றது. ஒரே பெயரும் ஒரே எண்ணும் உடையனவெனினும் இவற்றைப் புதுக்கும் முறை முற்றிலும் வேறு. அலெக் இசிகோனிசு வகுத்து 1948 இல் இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டதும், பின்னர்க் கொழும்பு வாடகை வண்டியாகப் பெயர்பெற்றதுமான மொறிஸ் மைனரும் உடலே சட்டகமாகிய வகையினதே. அதன் உடலைச் சட்டகத்தினின்றும் தூக்கப் புகுவோன், தூக்குதற்கு வேறொன்று இல்லையெனக் காண்பான். அதனைச் சாய்த்தோ சுழற்றியோ அடிப்புறத்தைச் செப்பனிடுவதே வழி. வண்டு எனப் பெயர்பெற்ற வொக்ஸ்வாகன் இடைப்பட்டது. நடுமுதுகெலும்புடன் கூடிய தளத் தகட்டின்மேல் உடல் விளிம்பு சுற்றிலும் மரையாணிகளாற் பூட்டப்பட்டிருத்தலின் அதனைத் தூக்கல் இயலும். ஆதலின் தன் வண்டி எவ்வகையினது என அறிதலே முதற்படி.

உடலை ஏன் தூக்கவேண்டும்? துருவே தலையாய காரணம். இரும்பு, நீரும் ஒட்சிசனுஞ் சேர்ந்தவிடத்துத் துருவாகின்றது. உப்புக் கலந்த நீர் மின்னை எளிதிற் கடத்துதலின் அவ்விரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும். வெள்ளவத்தையிலே தொடருந்துப் பாதைக்கு அப்பால் அலை மோதுங் கடலிலிருந்து எழும் உப்புத் திவலை, காற்றோடு வந்து வண்டியின் ஒவ்வோர் இடுக்கிலும் படிகின்றது. வெளித் தகட்டிற் படிந்தது மழையாற் கழுவப்படும். பெட்டி வடிவான சட்டத்தினுள்ளும், உடலுஞ் சட்டகமுந் தொடும் அணையின் கீழும் படிந்தது கழுவப்படுவதில்லை. அன்றியும், துரு தான் தின்ற இரும்பினும் மிகுந்த இடத்தைக் கொள்வது. ஆகவே இரு தகடுகளுக்கிடையிற் பிறந்த துரு அவற்றை ஆப்புப்போலப் பிளந்து விலக்கும். லான்ட் றோவரில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் உடல் அலுமினியக் கலப்புலோகம், சட்டகம் உருக்கு. இருவேறு உலோகங்கள் உப்புநீரால் இணைக்கப்படுமிடத்து ஒரு மின்கலம் போலாகி, அலுமினியம் அரிக்கப்படுகின்றது. இத்தகைய பழுதுகள் கண்ணுக்குத் தெரியா இடத்தில் இருத்தலின், உடலை நீக்காமல் அவற்றை முற்றக் களைதல் அரிது.

எனினும் தூக்காது விடுதலே நன்றாகும் இடமும் உண்டு. சிறிய சுத்தியலாற் சட்டத்தைத் தட்டினால் நல்ல உருக்கு கணீரென ஒலிக்கும். நைந்தது மந்தமாக ஒலிக்கும். கதவுகளை மூடி அவற்றின் விளிம்பிடைவெளிகளை அளந்து, பின்னர்ச் சட்டகத்தின் ஒரு பக்கத்தை ஜக்கினால் உயர்த்தி மீளவும் அளக்கலாம். இடைவெளி பெரிதும் மாறுமாயின் வண்டியின் உறுதி குன்றியுள்ளது என்க. இச்சோதனைகளிற் குறை காணப்படாத வண்டியை முழுவதும் பிரித்தல், நோயில்லாதவனுக்கு அறுவைச் சிகிச்சை செய்வதை ஒக்கும். பிரித்த வண்டிகள் பல, பணமும் பொறுமையுந் தீர்ந்தமையால் மீளக் கூட்டப்படாமலே மழையில் நனைந்து அழிந்தன என்பதையும் உடையவர் கருதல் வேண்டும்.

தூக்குவதெனத் துணிந்தபின் முதலிற் செய்யவேண்டியது ஆவணப்படுத்தல். ஒவ்வோர் உறுப்பும் கழற்றப்படுமுன் பல கோணங்களிற் படம்பிடிக்கப்படல் வேண்டும். கழற்றிய ஆணிகளை இடம் எழுதிய தனித்தனிப் பைகளில் இடவேண்டும். உடலுக்குஞ் சட்டகத்துக்கும் இடையில் அணைகளோடு மெல்லிய தகட்டுத் துண்டுகள் சில வைக்கப்பட்டிருக்கும். அவை வேண்டாப் பொருள்கள் போலத் தோன்றினும், தொழிற்சாலையில் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே கதவுகள் நேராக மூடும்படி வைத்த அளவீடுகளாம். எவ்விடத்தில் எத்தனை துண்டு இருந்தது எனக் குறியாது கழற்றியவர், இறுதியிற் கதவுகளை மூடப் பல நாள் வருந்துவர்.

அடுத்தது உடலுக்கு உட்டாங்கல் அமைத்தல். உடல் சட்டகத்தின்மேல் இருக்கும்வரை அதன் வடிவைச் சட்டகம் காக்கின்றது. கதவுக்குக் கீழுள்ள படிப்பகுதி துருப்பிடித்திருந்தால், தூக்கிய கணத்தில் உடல் நடுவில் மடிந்து கதவு வாயில் ஒடுங்கும். கூரையில்லாத் திறந்த வண்டிகளில் இவ்வபாயம் மிகுதி. ஆகவே வண்டி சமநிலத்தில், தன் சக்கரங்களின்மேல் நிற்கும்போதே, கதவின் பிணைச்சற் றூணையும் பூட்டுத் தூணையும் இணைத்தும், வலப்புறத்தை இடப்புறத்தோடு இணைத்தும் உருக்குக் குழாய்களைப் பூட்டுவர். கதவுகள் நன்கு மூடுகின்றனவா எனப் பார்த்த பின்னரே குழாய்களை இறுதியாக ஒட்டல் வேண்டும். கோணிய உடலுக்குத் தாங்கல் கொடுத்தல் கோணலை நிலைநிறுத்துதலாகவே முடியும்.

பின்னர் உடலையுஞ் சட்டகத்தையும் பிணிக்கும் தொடர்புகள் அனைத்தையும் அவிழ்த்தல் வேண்டும். முதலிற் பற்றரியைக் கழற்றுவர். அடுத்துப் பெற்றோலை வடித்துத் தாங்கியை அகற்றுவர். தீயும் பொறியும் பயன்படும் பட்டறையில் இவ்வொழுங்கை மாற்றலாகாது. திருப்புஞ் சக்கரத்தின் தண்டு, மிதிகள், கைத்தடுப்பின் கம்பி, பற்சக்கரக் கோல், வேகமானியின் கம்பி, மின்கம்பித் தொகுதி, ரேடியேற்றர்க் குழாய்கள், தடுப்புக் குழாய்கள் என்பன ஒவ்வொன்றாக விடுவிக்கப்படும். கதவுகளையும் முன்மூடியையுங் கழற்றினால் எடை குறையும்.

இனி மரையாணிகள். அவற்றுட் சில ஆசனத்தின் கீழும் கம்பளத்தின் கீழும் பழைய தாரின் கீழும் மறைந்திருக்கும். துரு இளக்கும் எண்ணெயைச் சில நாட்களுக்கு முன்னரே பலமுறை ஊற்றி வைத்தலே அறிவுடைமை; அசையாத ஆணியை வலிந்து திருகினால், அது பொருந்திய தகடு கிழியும். அத்தகையதை வெட்டி எடுத்தல் நன்று. எடுத்த ஆணிகளைப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணாமல் தூக்கத் தொடங்குதலே இவ்வேலையில் அடிக்கடி நேரும் தவறு. ஒரேயோர் ஆணி எஞ்சினும், மூன்று மூலைகள் எழ நான்காவது மூலை எழாது உடல் முறுகிவிடும்.

தூக்குமுறை இடத்துக்கும் வசதிக்கும் ஏற்ப வேறுபடும். வசதியுள்ள பட்டறையில் வண்டி உயர்த்தும் பொறி உண்டு. வலிய உத்தரம் உள்ளவிடத்துச் சங்கிலிக் கப்பிகள் உதவும். இரண்டும் இல்லாத வீட்டு முற்றத்தில், உடலின் கீழே முன்னும் பின்னும் இரு நீண்ட மரவளைகளைச் செலுத்தி, ஜக்கினாற் சிறிது சிறிதாக உயர்த்தி, உயருந்தோறும் சிலிப்பர்க் கட்டைகளை அடுக்கிச் செல்வர். போதிய உயரம் வந்ததும் சட்டகத்தைத் தன் சக்கரங்களில் வெளியே உருட்டிவிடலாம். ஜக்கு உயர்த்துதற்கு உரியதேயன்றித் தாங்குதற்கு உரியதன்று; கட்டையடுக்கு இல்லாமல் எவரும் கீழே புகலாகாது.

பலர் கூடிக் கையாற் றூக்குவதும் உண்டு. அங்கே இயற்பியலின் ஒரு சிறு விதி உதவுகின்றது. எடுத்துக்காட்டாக, ஓர் உடலின் எடை 240 கிலோகிராம் என்றும், முன் பின் வளைகளுக்கு இடைத்தூரம் 2 மீற்றர் என்றும், புவியீர்ப்பு மையம் முன்வளையிலிருந்து 1.2 மீற்றரில் உள்ளது என்றும் கொள்வோம். திருப்புதிறன் விதிப்படி முன்வளை 96 கிலோகிராமும் பின்வளை 144 கிலோகிராமும் தாங்கும். முன்னுக்கு நால்வரும் பின்னுக்கு நால்வரும் நின்றால் முன்னவர் ஒவ்வொருவருக்கும் 24, பின்னவர் ஒவ்வொருவருக்கும் 36 கிலோகிராம் ஆகும். அதே எண்மரை முன்னுக்கு மூவராகவும் பின்னுக்கு ஐவராகவும் நிறுத்தினால் முறையே 32 உம் 28.8 உம் ஆகிப் பாரம் ஏறக்குறைய ஒப்பாகும். ஒருவரே குரல் கொடுக்க, மற்றையோர் அக்குரலுக்கே அசைதல் வேண்டும்.

வெறுஞ் சட்டகம் கண்முன் வந்ததும் அது கோணாதிருக்கின்றதா எனச் சோதித்தல் கடமை. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. தச்சர் கையாளுந் தூக்குக்குண்டே போதும். சட்டகத்தின் நான்கு ஒத்த புள்ளிகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு நிலத்திற் குறியிட்டு, குறுக்கே இரு மூலைவிட்டங்களையும் அளக்கவேண்டும். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமமானவை. 3 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் உள்ள சட்டகத்தில் ஒரு நெடுஞ்சட்டம் 10 மில்லிமீற்றர் முன்றள்ளி இருந்தால், மூலைவிட்டங்களின் வேறுபாடு ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் ஆகும். பிழை ஏறக்குறைய இருமடங்காகப் பெருகித் தோன்றுதலின், சாதாரண அளவுநாடாவும் அதனைக் காட்டிக் கொடுக்கும். தீயிற்பட்ட வண்டியில் இச்சோதனை இன்னும் இன்றியமையாதது. மென்னுருக்குச் சட்டம் ஆறியபின் தன் வலிமையைப் பெரும்பாலும் மீளப் பெறலாம். ஆனால் வளைவு மீளாது. விற்களின் உருக்கோ பதம் இழந்துவிடும். அவற்றை மாற்றியே ஆகவேண்டும்.

சட்டகத்தின் துருவை மணற்றாரையால் நீக்கலாம். ஆயின் அதே தாரையைக் கூரை போன்ற மெல்லிய தகட்டிற் செலுத்தினால் தகடு நெளியும். நைந்த பகுதியை வெட்டி, அதே தடிப்புள்ள உருக்கை உருக்கியொட்டுவர். பின்னர் நாகம் மிகுந்த அடிப்பூச்சும், பெட்டிச் சட்டங்களின் உள்ளே மெழுகுப் பூச்சும் இடப்படும். நீர் வடியும் துளைகளை அடைக்காது விடல் வேண்டும். அடைத்த துளையே அடுத்த துருவின் பிறப்பிடம்.

உடலை மீளப் பொருத்தும்போது மரையாணிகளை முதலில் தளர்வாகவே இட்டு, கதவுகளைப் பூட்டி, குறித்துவைத்த தகட்டுத் துண்டுகளைச் சேர்த்து, இடைவெளிகள் சீரானபின் நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கிச் சிறிது சிறிதாக இறுக்குவர். புதிய இறப்பர் அணையும் புதிய பூச்சும் மின்னைக் கடத்தா. ஆதலின் உடலையுஞ் சட்டகத்தையும் இணைக்கும் புவித்தொடுப்புப் பட்டையை மறந்தால், எல்லாம் அழகாக முடிந்தும் விளக்கு எரியாது. தடுப்புக்களைச் சோதியாது தெருவில் இறக்குதல் குற்றமாகும்.

இத்துணை முயற்சிக்குப்பின் நிற்பது அதே வண்டியா, வேறொரு வண்டியா? சட்டகத்திற் பொறித்த எண்ணே சட்டத்தின் பார்வையில் வண்டியின் அடையாளம். அவ்வெண்ணை அழித்தோ வெட்டி மாற்றியோ புதுக்கிய வண்டி எவ்வளவு மின்னினும் தன் பெயரை இழந்ததாகும். எண்தகடும் ஒரு வரலாற்றுச் சான்றே. சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களால் அமைந்த ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. முதலிய தகடுகள் முந்திய காலத்தன. 1957 முதல் சிங்கள ஸ்ரீ எழுத்துடைய தகடுகள் வந்ததும், தமிழர் அதனை எதிர்த்ததும், 1958 இற் கிளர்ச்சி முற்றியதும் நாட்டு வரலாற்றில் உள்ளன. ஒரு பழைய தகட்டைக் கழற்றி எறிபவர் அவ்வரலாற்றின் ஓர் ஏட்டையும் எறிகின்றார்.

பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012 இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், குறைந்த அளவே தலையிடுக, செய்த மாற்றங்களை எழுதிவைக்க என அறிவுறுத்துகின்றது. கட்டடங்களைப் பேணுதற்கு 1964 இல் வகுத்த வெனிசுச் சாசனத்தின் வழி வந்தது அது. சீர்ணோத்தாரணத்தின் உட்கருத்தும் இதற்குத் தூரமானதன்று: திருப்பணி செய்வது தெய்வத்தை மாற்றுதற்கன்று, நிலைநிறுத்துதற்கே.

இறுதியாக ஒன்று. உதிரிப்பாகத்தைக் கடல்கடந்து வருவிக்கலாம். தகட்டைத் தட்டி வளைவறியும் கையை வருவித்தல் இயலாது. ரிங்கர் எனப்படும் தகட்டுத் தொழிலாளர், தட்டுப்பாட்டுக் காலத்தில் வறுமையோடு போராடிக் கற்ற அறிவு பெரும்பாலும் எழுதப்படாதது; அவரோடு மறைவது. திருப்புதிறனையும் மூலைவிட்டத்தையும் வகுப்பறையிற் கற்கும் மாணவர், ஒருநாள் அப்பட்டறை வாயிலிற் சென்று நின்று பார்ப்பாராயின், நூலறிவும் கையறிவும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். அவர் கண்டதை எழுதிவைப்பாராயின், முதியவரின் கைத்திறன் அவருக்குப் பின்னும் நிற்கும்.